தலைகீழாய் ஐந்து

ஏழு, இரண்டு, ஒன்பது.
தலைகீழா சொல்லு பாப்பா.
ஒன்பது என்றாள் தீட்சனா.
அப்புறம், ஃபேனில் ஒரு இறக்கை மட்டும்
ஏன் வேற கலர் என்றாள்.

தருமபுரி பெரியாஸ்பத்திரி, மாடியில் கடைசி அறை.
அவளுக்கு அப்போது ஏழு வயது.
பாலக்கோட்டுத் தக்காளியை வெயிலில் விட்டுவிட்டு
மேலே வந்திருந்தேன்.
ஏ.டி.ஹெச்.டி. என்று எழுதித் தந்த சீட்டை
ஆர்.சி. புத்தகத்துக்குள் செருகினேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது,
காலாவதியான இன்சூரன்ஸோடு.

செவ்வாய்க்கிழமை வந்த எட்டாம் வாய்ப்பாடு
புதன்கிழமை வராது.
வியாழன் கடகடவென்று வரும்.
அந்த வியாழனைக் காட்டித்தான்
எல்லாரும் அவளை அடித்தார்கள்:
தெரியுது இல்ல, அப்புறம் என்ன கொழுப்பு?
நானும் ஒருமுறை.

பத்து வயதில் மூன்று எண் வந்தது.
பதினைந்தில் நான்கு.
நான் எழுந்தே நின்றுவிட்டேன்.
இவள் வயதுக்கு ஐந்து வரணும் என்றார் அந்தம்மா
தாளிலிருந்து தலை தூக்காமல்.

சேலத்திலிருந்து திரும்புகையில்
தொப்பூர் மேட்டில் முன்னால் ஒரு பஸ் போகும்.
இரண்டாம் கியரில் நான் ஏற ஏற
அதுவும் ஏறும்.
அதே தூரத்தில் அதே சிவப்பு விளக்கு.
பார்க்கிறவனுக்கு நான் நிற்கிற மாதிரி இருக்கும்.
மைல்கல்லைக் கேட்டால் தெரியும்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு
வேறு ஏதாவது பெரிய திறமை இருக்குமாமே
என்று கேட்கிறார்கள் கிளீனர் முதல் சம்பந்தி வரை.
இல்லைங்க.
பாட்டு வராது. படம் வராது.
குடித்துக்கொண்டிருந்த டம்ளரைத் தேடுவாள்.
அவ்வளவுதான். அவள் தீட்சனா.

போன மாதம் அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.
நீங்க சொல்லுங்க பாப்போம்.
நான்கு, எட்டு, ஒன்று, ஆறு, மூன்று.
மூன்று, ஆறு...
வெளியே யாரோ ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.
மூன்று, ஆறு...
எட்டாம் வகுப்பில் என்னை பெஞ்சு மேல் நிற்கவைத்தபோது
ஜன்னலுக்கு வெளியே போன மாட்டுவண்டியில்
ஒரு சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது.
இன்றைக்கும் அது ஆடுகிறது.

தீட்சனா என்னையே பார்த்தாள்.
சிரிப்பை அடக்கினாள்,
அப்புறம் அடக்கவில்லை.

கீழே இறங்கி வண்டிப் பக்கம் வந்தோம்.
சாவி இல்லை.
மேலே ஓடினோம்.
பாதிப் படியில் அவள் நின்றாள்:
அப்பா, எதுக்கு ஏறறோம்?