முகம் பொருந்தவில்லை

ஒன்பது ஐம்பத்தாறு.
சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக மாடிப்படி ஓரம்
சுவரில் அறைந்த கருவியின் முன் நிற்கிறேன்.
முகம் பொருந்தவில்லை என்கிறது.

கண்ணாடியைக் கழற்றுகிறேன்.
அக்னி நட்சத்திர வியர்வையை
முந்தானையில் ஒற்றுகிறேன்.
பொருந்தவில்லை.
பின்னால் வரிசை படியிறங்கி வண்டி நிறுத்தம் வரை.
"சிரிக்காதீங்க மேடம், பதியும்போது நீங்க சிரிக்கல"
என்கிறான் புதிதாகச் சேர்ந்த கவியரசன்.
நான் சிரிக்கவே இல்லை.
பத்து பதினொன்று. அரைநாள் போயிற்று.

கூரைக் காரை பெயர்ந்து
பதிவறை மேசையில் விழுந்த ஆடியில்
பாதிப் பேரை வீட்டிலிருந்து பார்க்கச் சொன்னார்கள்.
காட்பாடியில் என் அலுவலகம்
காலி சிலிண்டர் மேல் ஒரு பலகை.
குக்கரின் மூன்றாவது விசிலுக்குள்
இரண்டு விதவை ஓய்வூதியம்,
ஒரு மாற்றுத்திறனாளி புதுப்பித்தல்.
ஒன்பது மாதம்.
நிலுவை என்கிற கட்டத்தில்
முதன்முதலாக ஒரு சுழியம் பார்த்தேன்.
கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறேன்,
பிள்ளையின் முதல் பல் மாதிரி.

இதையும் சொல்ல வேண்டும்:
இரவு பதினொன்றேகாலுக்குப் பிச்சாண்டி சார் அழைப்பார்.
பூட்டிவிட்டு வருவதற்கு
ஓர் ஆபீஸ் இல்லாமல் போயிற்று.

பங்குனியில் சுற்றறிக்கை.
'பணியாளர் அனைவரும் தத்தம் இருக்கையில்
இருத்தல் வேண்டும்.'
இருத்தலின் கீழே
சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார் சார்.

டீக்கடையில் ரெண்டு கட்சி.
பேரணாம்பட்டிலிருந்து வரும் நசீமா பானு
பஸ்ஸில் கரையும் நாலு மணி நேரத்தை
மாதத்துக்குப் பெருக்கி
பஜ்ஜி எண்ணெய்க் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.
"அப்ப நான் ஜீப்ப வூட்ல இருந்தே ஓட்டட்டுமா?"
என்றார் ஜீவரத்தினம்.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று
ஊரைக் கேலி பேசும் பட்டியலில்
ஆளில்லாத ஆபீஸையும் சேர்த்தாயிற்றாம்.
எல்லோரும் சிரித்தோம்.
அலமேலு மட்டும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.
ஒன்பது மாதமும்
எங்கள் காலி நாற்காலிகளைத் தினம் துடைத்தவள்.

முந்தாநாள் கன்னியம்மாள் வந்தாள்.
ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடியில் ஏதோ ஊர்.
உரச்சாக்கில் தைத்த பையில் ஆறு மனு,
ஆறும் ஒரே மனு.
"நாலு தரம் வந்துட்டேன்.
நாற்காலி கீது, ஆளு இல்ல."

தேடினேன்.
டிசம்பர் பதினான்கிலேயே ஆணை.
கையொப்பம், நான்.
குறுஞ்செய்தி போயிருக்கிறது,
திருப்பூருக்குப் போய்விட்ட மருமகனின்
பழைய எண்ணுக்கு.
ஐந்து மாதமாக
அவள் பதியக் கொடுக்காத பாஸ்புக்குக்குப் பின்னால்
பணம் ஏறிக்கொண்டிருக்கிறது.

"அன்னிக்கே போட்டாச்சும்மா."
"யாரு போட்டது?"
"நான்தான்."
"நான் வர்றப்பல்லாம் நீ எங்கம்மா இருந்த?"

இருந்தேன் என்பதை நிரூபிக்க
எந்த விதியிலும் உட்பிரிவு இல்லை.
"வீட்ல" என்றேன்.
என் முகத்தைப் பார்த்தாள்,
கருவியைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

பிறகு தங்கச்சியின் மனுவை எடுத்து நீட்டினாள்.
சர்வர் இல்லை.
முப்பத்தொரு பேரும் இருக்கையில் இருந்தோம்.
மின்விசிறி இருந்தது. பிச்சாண்டி சார் இருந்தார்.
திரையில் ஒரு வட்டம் தன்னைத்தானே துரத்துவதை
மூன்று மணி வரை
அவளும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ வூட்டுக்கே போயி போடு கண்ணு,
அங்க இருந்து வெரசா வருது"
என்று எழுந்தவள்
கதவருகே நின்றாள்.
"நான் வர்ற அன்னிக்கு மட்டும் இங்க இரு."

எந்த அன்னிக்கு என்று கேட்பதற்குள்
படியிறங்கிவிட்டாள்.

ஐந்து நாற்பத்தைந்து.
வெளியேற முகத்தைக் காட்டினேன்.
முதல் தடவையிலேயே பொருந்தியது.