ஆறாவது இடம்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்
ஐம்பது நிமிஷம்.
அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.
அணியில் ஐந்து பேர் உறுதி.
ஆறாவது யார்?

கத்திரி இருக்கிறது, நெருப்பு வகை,
மே மாத மொட்டைமாடியில் பிடித்ததால் அந்தப் பேர்.
முள்ளுக்கத்திரி வேறு.
அது இலவம்பாடிக் காய் மாதிரி உருண்டுவந்து
தொட்டவன் கையைக் குத்திவிட்டுச் சிரிக்கும்.
ஏலகிரி நகரவே நகராது,
அதைத் தாண்டியும் எவனும் போனதில்லை.
பிருந்தாவன், வேகம் தொண்ணூற்றெட்டு,
ஒரே அடி, நிற்காமல் போய்விடும்.
மக்கன்பேடாவைப் பற்றி
யாரும் என்னிடம் கேள்வி கேட்கக் கூடாது.
அது முதல் நாளிலிருந்து இருக்கிறது, இருக்கும்.

மிச்சமுள்ள இடத்துக்கு இரண்டு பாலாறுகள்.
ஒரே இனம், ஒரே நீல வால்,
ஒரே வாரத்தில் பொரித்தவை.
ஒன்றுக்குப் பிறவி எண் இருபதுக்கு இருபது.
இன்னொன்றுக்கு ஏழு,
அதிலும் குணம் 'தயக்கம்',
அடிக்கும் ஒவ்வோர் அடியிலும் பத்தில் ஒன்று கழியும்.

யோசிக்க என்ன இருக்கிறது,
நாள் முழுக்க நான் செய்வது இதைத்தானே?
தோலை மேஜையில் விரித்து
ட்யூப்லைட்டுக்குச் சாய்த்து
கட்டைவிரலால் அழுத்தி, இழுத்து,
உண்ணி கடித்த புள்ளி
முள்கம்பி கீறிய கோடு
சூடு போட்ட தழும்பு
எது தெரிந்தாலும் சாக்பீஸில் ஒரு வட்டம்.
ஏ. பி. பி. கழிவு. பி.
மாடு எந்த வேலியில் முதுகு சொறிந்தது என்று எழுத
படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆகவே ஏழைப் பெட்டிக்குள் தள்ளி மூடினேன்.
எண்ணைத்தான் சொல்கிறேன்.

மதியம் கேன்டீன் பின்பக்கம்
கட்டிங் செக்‌ஷன் தப்ரேஸ்
தால்சா டப்பாவை முட்டியில் வைத்துக்கொண்டு
ஒரு நத்தையை இறக்கினான்.
பிறவி எண் நான்கு. பேர்கூட வைக்கவில்லை.
கொஞ்சம் விஷம் துப்பும்,
ஓட்டுக்குள் போகும்,
உள்ளே இருந்தே கொஞ்சம் உடம்பு தேறும்,
மறுபடி துப்பும்.
இருபதுக்கு இருபது, பதினோரு முறை அடித்தது.
பன்னிரண்டாவதற்குத் தண்ணீர் இல்லை.
பாலாறு என்று பேர் வைத்தவள் நான்தான்,
யாரைக் குறை சொல்ல?

"இதை எதைப் பார்த்து அணியில சேர்த்தே?"
அவன் எலும்பை உறிஞ்சியபடி,
"தோக்கும்போதுதான் கவனிச்சேன் க்கா.
மெதுவாத்தான் தோக்குது."

மூன்று மணிக்கு எபினேசர் சார்
அரையாண்டுத் தாளைக் கொண்டுவந்தார்.
சுகந்தி, தரம் பிரித்தல்.
மணிக்கு முப்பத்தெட்டு. வேகம் பி.
கவனம் ஏ.
பேச்சு என்று ஒரு கட்டம், அதில் 'அதிகம்'.
என் தாளில்
கட்டத்துக்கு வெளியேயும் ஓரத்தில் ஏதோ பென்சிலில் எழுதி
அழித்திருந்தார்.
வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன்.
தெரியவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் பஸ்.
பையில் ஒரு முட்டை, பொரிக்க இன்னும் ஆயிரத்து இருநூறு அடி.
நடக்க வேண்டியதில்லை.
எங்கள் ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும்
ஓர் அடியென்று நம்புகிறது போன்.
டிரைவர் வேகமாக ஓட்டினால் இன்னும் நல்லது.
முன்சீட்டில் தூங்கும் ரிஹானாவின் தலை
ஜன்னல் கம்பியில் இடித்து இடித்து
ஐந்நூறு, நானூற்று எண்பது.
சார்ஜ் ஆறு சதவீதம்.
பெட்டியைத் திறந்து ஏழை வெளியே எடுத்தேன்,
ஒருமுறை தோற்கவிட்டுப் பார்க்கலாம் என்று.
எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது பார்ப்போம்.

ஊர் எல்லை வேகத்தடையில்
ஓடு விரிந்தது.
எண் வரும் மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.
காது ஒன்று மடங்கியிருக்கிறது.
கொட்டாவி விடுகிறது.
என்னைப் பார்க்காமல்
திரையின் கீறலைப் பார்க்கிறது.

விரலை எடுத்தேன்.
ஒன்பது.

இறங்குவதற்குள் ஒரு பேர் யோசிக்க வேண்டும்.