மொசலி

ஊத்துக்கோட்டையில் ஏறி
பிச்சாட்டூருக்குச் சீட்டு வாங்கினேன்.
ஒரு கையில் செம்புக் கம்பிச் சுருள்,
மறு கையில் மேல்கம்பி.
முப்பது வருஷமாக
நின்றே போய் நின்றே வருகிறவன்.

கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்தான்.
பக்கத்தில் இருந்தவனிடம்
"பாபம், முசலாயன" என்றான்.

எனக்குத் தெரிந்த தெலுங்கு
மோட்டார், கூலி, ரேப்பு ரா.
மொசலி என்றால் முதலை,
அதுவும் தெரியும்.
முதலைக்காரனா நான்?
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
"பரவாலேது" என்று மீசையை ஒதுக்கிக்கொண்டேன்.
அந்த இடம்
காலியாகவே வந்தது.
யாரும் உட்காரவில்லை.
அதுதான் என்னவோ செய்தது.

ராத்திரி முனிரத்னம்மாவிடம் சொன்னேன்.
நாகலாபுரத்துக்காரி.
சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவளுக்கு.
"மொசலி வேற, முசலி வேற.
முசலின்னா கிழம்."
தண்ணீர் குடித்தாள்.
பிறகு,
"போன மாசம் ரேஷன் கடையில
என்னை அவ்வான்னு கூப்பிட்டான்.
உங்ககிட்ட சொல்லலை."
சாயம் வெளுத்த வகிட்டை
விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.
நான் தட்டைக் கழுவப் போனேன்.

இன்று ஒரு பெண் எழுந்தாள்.
என்ன சொன்னாள் என்று கவனிக்கவில்லை.
உட்கார்ந்தேன்.
மடியில் கம்பிச் சுருள் கனத்தது,
முதுகில் வெயில்.
ஆலகாலம் குடித்த அசதியில்
சிவனே படுத்துவிட்ட சுருட்டப்பள்ளி
ஜன்னலில் போனது.
மணலேறிய மொசலி
வாயை லேசாகத் திறந்துகொண்டு
நாகலாபுரம் தாண்டியும்
அசையவில்லை.