பொழுதுக்கணக்கு

மார்ச் மாதமே எனக்குத் தெரிந்துவிடும்.
மொபேனியில், சட்டைகளுக்குப் பொத்தான் சரிபார்க்கும் என் மேசையில்,
வேலை முடியும் நாலரை மணிக்கு
வெயில் நூல்கண்டு டப்பாவைத் தாண்டிக் கிடக்கும்.
ஒரு வியாழக்கிழமை அது
டப்பாவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.
பக்கத்து மேசைத் தனபாக்கியத்துக்கு அது வெயில்.
எனக்குச் சம்பளத்தில் பிடித்தம்.

எனக்கு மாலைக்கண்.
பொழுது சாய்ந்தால் எல்லோருக்கும் தெரு மங்கும்.
எனக்குத் தெரு கழன்று விழுந்துவிடும்.
ஆஸ்பத்திரியில் நீளமாக ஒரு பேர் எழுதிக் கொடுத்தார்கள்,
மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

மருந்துக்கடைக் காலண்டரின் ஓரத்தில்
பென்சிலில் என் பேரேடு:
ஜனவரி ஐந்து, ஏழு மணி.
ஏப்ரல் பத்து, ஐந்து நாற்பது.
மே பத்து, ஐந்து பதின்மூன்று.
ஜூன் பத்து, ஐந்து நாலு.
மார்ச்சில் தினம் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்தவன்
ஜூனில் கூச்சப்பட்டு
நொடி நொடியாக எடுக்கிறான்.

பக்கத்து ஆணியில் கோயில் காலண்டர்.
தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புமாம்,
தேவர்களுக்கு விடியுமாம்.
சாட்ஸ்வர்த்தில் நாங்களும் வாசலில் பால் பொங்கவிட்டுக்
கிழக்கு நோக்கிக் கும்பிடுகிறோம்,
எங்களை விட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பவனை.
வரவேற்கவும் வழியனுப்பவும்
கைக்கு ஒரே கும்பிடுதான் தெரியும்.
ஆகாதென்று ஒதுக்கிய ஆடியில்தான்
எனக்குப் பொழுது திரும்பி வருகிறது.

ஜூன் இருபத்தொன்றுதான் ஆகக் குறைந்த பகல் என்று
சூப்பர்வைசர் மூட்லி சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்.
இருக்கும்.
என் பென்சில் பத்தாம் தேதியே திரும்பிவிட்டது.
இருபத்தொன்றில் ஐந்து ஐந்து.
காலை இன்னும் தாமதித்துக்கொண்டிருந்தது, அந்த நஷ்டம் அவர் கணக்கில்.
காலையோடு எனக்கு வழக்கு ஏதுமில்லை.
கிடைத்த ஒரு நிமிடத்தை யாரிடமும் காட்டாமல்
டிபன் டப்பாவோடு வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

போன ஜூனில் ஒரு நாள்
ஆள் நிறையும்வரை டாக்சி கிளம்பவில்லை.
ஹிகின்சன் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று குறுக்கே கிடந்தது.
இறங்கும்போது ஐந்து நாற்பது. மின்வெட்டு வேறு.
எங்கள் மேட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
முதல் படி எங்கே என்று தெரியவில்லை.
காசு வாங்கும் பையன் புசானி
ஏன் நிற்கிறாய் அம்மா என்றான்.
பிறகு தானாகவே சொன்னான்:
"இலாங்கா லிஷோனிலே."
சூரியன் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.
அவர்களுக்கு இலாங்கா என்றால் சூரியனும் நாளும்,
நமக்குப் பொழுது மாதிரி.
என் காதில் அது "இலங்க" என்று விழுந்தது.
கும்மிருட்டில் நின்றபடி
அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்தேன்.

கையைப் பிடிக்கவில்லை அவன்.
முன்னால் ஏறிக்கொண்டே
நிறுத்தங்களின் பேர் கூவும் அதே குரலில்
படிகளைக் கூவினான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
எந்த வீட்டிலோ மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள், வாசனை வந்தது.
கீழே டிரைவர் ஹாரன் அடித்தபடி இருந்தான்.
புசானி நூற்றுப் பதினொன்றில் முடித்துவிட்டான்.
மிச்சமிருந்த ஒன்றில் நான் தடுக்கினேன்.
எண்ணத் தெரியாதவன் என்று
அப்புறம் வெகுநாள் அவனைக் கேலி செய்தேன்.

நாளை ஆடி பிறக்கிறது.
இன்று ஐந்து பதினான்கு.
பத்து நிமிடம் வந்து சேர்ந்திருக்கிறது.
மேரியன்ஹில் பக்கம் சிவப்பு இன்னும் மிச்சமிருக்க,
நடுவில் நின்று கீழே பார்க்க நேரம் இருந்தது.
நாற்பதாவது படி பெயர்ந்து
நாற்பத்தொன்றின் மேல் சாய்ந்து கிடக்கிறது.
வேகமாக ஏறுகிற காலுக்கு இரண்டும் ஒன்று.
புசானியும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்.