சொந்த வாக்கியம்

விடைத்தாள் திருத்தும் முகாம், மூன்றாம் நாள்.
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம்.
மின்விசிறி ஓடினால் தாள் பறக்கிறது,
நின்றால் நாங்கள் வேகிறோம்.
காலைக் கட்டில் முப்பது தாள்.
பேர் இல்லை, ஊர் இல்லை,
மேலே ஒட்டிய எண்தான்.

ஒன்பதாம் கேள்வி, இரண்டு மதிப்பெண்:
'டேக் ஆஃப்டர்' என்பதைச்
சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

சாடை, என்கிறது விடைக்குறிப்பு.
அப்பனை உரித்துவைத்த பிள்ளை,
அத்தையின் மூக்கு, அப்படி ஏதாவது.

மூன்றாம் தாளில் இருந்தது:
ஐ டேக் ஆஃப்டர் மை மதர் தி பேஸ்கட்.
அம்மாவுக்கு அப்புறம் கூடையை நான் எடுத்தேன்.
சிவப்பில் ஒரு சுழி சுழித்துவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனேன்.

நான்காம் தாளிலும் கூடை.
ஐந்தில் இல்லை.
ஆறில், ஏழில், எட்டில்,
கடைசிவரை புரட்டி எண்ணினேன்.
பதினேழு சொந்த வாக்கியம்.
பதினேழும் அதே கூடை.

ஜெசிந்தா டீச்சரிடம் நீட்டினேன்.
தட்டுவடை செட்டின் பீட்ரூட் துருவல்
தாளில் விழாமல் தலையைச் சாய்த்துக் கடித்தபடி
"ஈயடிச்சான் காப்பி" என்றார்.
பார்த்து எழுதுகிறவனை
ஆங்கிலக்காரன் பூனை என்கிறான்.
இன்னொருவன் வழியில் நடந்தால்
அவன் புத்தகத்திலிருந்து ஒரு தாள் எடுத்தான் என்கிறான்.
நமக்கு ஒரு ஈ போதும்.

ஈயும் இருந்தது.
மதருக்கும் தி-க்கும் நடுவே
ஒரு சொல்லை எழுதி அடித்த அடித்தல்.
அந்த அடித்தலையும் சேர்த்து
அடித்திருந்தார்கள் பதினொரு பேர்,
அதில் ஒருவன் ஸ்கேல் வைத்து.

ஒரே மாதிரி வந்தால் தனிக்கட்டாகக் கட்டி
மேலே அனுப்ப வேண்டும். விதி.
நூலைக் கையில் எடுத்தவன்
அப்போதுதான் யோசித்தேன்:
பதினாறு பிள்ளைகள்,
வெளியே கேட்டருகில் தண்ணீர் பாட்டிலோடு
அம்மா நிற்கும்போதே
ஒரு வரியில் அவளை அனுப்பிவைத்துவிட்டு
கூடையைத் தூக்கியிருக்கிறார்கள்.
படித்துப் பார்க்கவில்லை. நேரமில்லை.

ஒருவருக்கு மட்டும்
கேட்டருகில் யாரும் நிற்கவில்லை.

பதினொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
பத்தில், கோட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.
இல்லாத சொல்லை அடித்திருக்கிறார்கள்.
ஒன்றில் மட்டும்
மங்கலாக, சாய்ந்த எழுத்தில்: ஹர்.
அவளுடைய கூடை என்று எழுதி,
பிறகு அடித்து,
வெறும் கூடையாக்கிய கை.

தாளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே
சேர்வராயன் மலை வெயிலில் நீலமாக.
மீன்கூடையாக இருக்கலாம், பூக்கூடையாக இருக்கலாம்.
எந்த ஊர்த் தாள் என்பது எனக்குத் தெரியக் கூடாது.
தெரியவும் தெரியாது.
நான்தான் மலையைப் பார்க்கிறேன்.
போன வாரம் அங்கே மழையாம்.
நனைந்த எட்டாம் ஒன்பதாம் நாளில்
காப்பிச் செடிகள்
ஒன்றையொன்று எட்டிப்பார்த்து எழுதியதுபோல்
எஸ்டேட் முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகும்.
முதலில் பூத்தது எது என்று
அங்கே எவரும் கேட்பதில்லை.

இடுப்பில் கூடை, பாறைக்குப் பாறை கால் மாற்றி
ஒரு பிள்ளை சரிவில் ஏறுகிறது.
தூரத்திலிருந்து பார்ப்பவர்
அவ அம்மாவே வர்றாப்போல இருக்கு என்பார்.
அப்படியானால் இந்த வாக்கியம் தப்பா?

சுழியைத் திருத்தி இரண்டு போட்டேன்.
பதினாறுக்குப் பூஜ்யம்.
நூல் மேசையிலேயே கிடந்தது.

மறுபார்வைக்கு வந்த வையாபுரி சார்
பத்துக்கு ஒன்று உருவுகிறவர்,
அதையே உருவினார். பக்கத்துத் தாளையும்.
"அங்க சைபர், இங்க ரெண்டா?"
"அது காப்பி சார். இது இல்ல."
"எப்படிச் சொல்றீங்க?"
அடித்த இடத்தைக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாளை மூக்கருகே கொண்டுபோய்
"ஹர்" என்று வாய்விட்டுப் படித்தார்.
இன்னொரு தடவை, சத்தமில்லாமல்.

பச்சை மையில் சுருக்கெழுத்து விழுந்தது.
கிடந்த நூலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
வாசல் பக்கம் திரும்பி,
"காப்பி வந்துருச்சா பாருங்கய்யா" என்றார்.