நாற்பத்தொன்றாவது வலை

போன ஜனவரியில் மருத்துவ நிலையத்து வாசலில்
மேசை போட்டு உட்கார்ந்து
வீட்டுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுத்தவள் நான்தான்.
நீலக் கொசுவலை. ஓரத்தில் ஒரு துணிப்பட்டை.
அதில் ஒரு நாட்டின் கொடி, துவைக்கும் முறை,
தீயருகே கொண்டுபோகாதே என்று ஒரு படம்.

இந்த ஜனவரியில்
அதே மேசை, மலோம்பே ஏரிக்கரையில்.
இப்போது நான் மீன்வளக் குழுவின் செயலாளர்.
என் மேல்சட்டையில் வேறொரு நாட்டின் கொடி.
கொடுத்ததைத் திரும்ப வாங்கி
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கொசு நுழையாத கண்ணில்
குஞ்சு எப்படித் தப்பும்?
நேற்றுப் பொரிந்ததும் வரும் அந்த வலையில்,
பாசியும் வரும், ஏரியின் அடிவண்டலும் வரும்.
வெயிலில் காயவைத்தால் ஒரு கிண்ணம் தேறும்.
மக்காச்சோளக் களிக்கு ஒரு வேளை.
அதில் எது சாம்போ, எது வேறு மீன் என்று
அதன் தாய்க்கே அடையாளம் தெரியாது.

எஸ்னார்ட்டினுடையது நாற்பத்தொன்றாவது.
நான்கு வலைகளை ஒன்றாகத் தைத்திருந்தாள்.
தையலைக் குறைசொல்ல முடியாது,
பள்ளிச் சீருடை தைத்த கை.
"ஒன்றென்று எழுதுவாயா, நான்கென்றா?" என்றாள்.
அபராதம் வலைக் கணக்கில்.
ஒன்று என்று எழுதினேன்.
நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.
அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எரிக்கப் பெட்ரோல் ஐந்து லிட்டர் வந்தது, ரசீதோடு.
திட்டத்திலிருந்து பிர்கிட்டே வந்திருந்தாள்.
நல்லவள். எங்கள் மொழியில் வணக்கம் சொல்வாள்,
படகில் வாந்தி எடுத்தாலும் மறுநாள் படகேறுவாள்.
புகை எங்கள் பக்கம் திரும்பியபோது
என்னைத் தனியே அழைத்துப் போய்
"இது மருந்து தோய்த்த வலை அல்லவா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.
இருவரும் சேர்ந்து அவர்களைத் தள்ளி நிறுத்தினோம்.
அதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று.
வெள்ளிக்கிழமைதோறும்
தலைவர் கலெம்பாவின் வீட்டுக்கு ஒரு வாளி மீன் போகும்.
அது பழைய மரியாதை.
எந்த வலையில் பிடித்ததென்று
வெள்ளிக்கிழமைகளில் யாரும் கேட்பதில்லை.
மூன்று வருஷ அறிக்கைகளை எழுதியவள் நான்,
அந்த வாளியை எதிலும் எழுதவில்லை.

ஜூனில் திட்டம் முடிந்தது.
ரோந்துப் படகின் இயந்திரம்
பலகையோடு பலகையாகக் கிடக்கிறது.
கூட்டத்துக்கு வந்தால் தரும் காசும் நின்றது.
பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில்
அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர்.
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

மழைக்காலத் தடை அன்றோடு முடிவதாக இருந்தது,
அவர்களுடைய நிதியாண்டுக்கு வசதியாய்
எப்போதோ குறித்த தேதி.
லைசோன் பேசவில்லை. தன் கூடையிலிருந்து
ஒரு மீனை மேசைமேல் போட்டுக் கீறினான்.
வயிறு முழுக்க முட்டை.
ஈரமான மஞ்சள், பதிவேட்டின் ஓரம்வரை வழிந்தது.
"இன்னும் இருபது நாள்" என்றான்.
யாரும் மறுக்கவில்லை. எழுதினேன்.

கதவோரம் எஸ்னார்ட் நின்றிருந்தாள்.
அவள் குழுவில் இல்லை.
"இருபது நாளென்றால்
அதில் மூன்று வெள்ளிக்கிழமை வருமே,
அதையும் எழுது" என்றாள்.

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.
ஒதுங்கியவர் எழுந்து, பிறகு உட்கார்ந்தார்.
லைசோன் கத்தியைத் துடைத்தான்,
துடைத்த கத்தியை மறுபடியும் துடைத்தான்.

எழுதினேன்.
தலைவரிடம் யார் கொண்டுபோவது என்பதை
அன்று நாங்கள் பேசவில்லை.
இன்றுவரை பேசவில்லை, நாளை வியாழன்.

மீனில் ஈ மொய்க்கத் தொடங்கியது.
எஸ்னார்ட் உள்ளே வந்து
இடுப்புத் துணியிலிருந்து ஒரு நீலத் துண்டை உருவி
அதன்மேல் போர்த்தினாள்.

அந்தத் துண்டை நான் எண்ணவில்லை.