ஏழாவது பெட்டி

அஸ்மியா அனுப்பிய படத்தில்
கடல் எப்போதும் காலை ஆறு மணி.
ஒன்பது பெட்டிகள், ஒரே உயரம்,
தேய்ந்த சவர்க்காரத்தின் மூலைகள்.
ஒவ்வொன்றின் தலையிலும்
"தலைப்பு இங்கே" என்று
இரண்டே சொல்.

அழகுதான். ஆனால் தட்டினால் திறக்காது.
சுவரில் வரைந்த கதவு அது;
பிணைச்சல் போடுவது என் வேலை.

டொக்யார்ட் வீதி, மாடியறை, இரவு பதினொன்று.
அடைப்புக்குறிகளைத் திறந்தேன், மூடினேன்,
மூட மறந்த ஒன்றைத் தேடியே
ஒரு மணித்தியாலம் போனது.

பிறகு யூஜினின் எழுத்தை உள்ளே விட்டேன்.
நிலாவெளியில் படகு வைத்திருக்கிறவர்,
காற்றையும் மீனையும் நாள்தோறும் குறித்துவைப்பவர்.
அவருடைய முதல் தலைப்பு:
"கச்சான் திரும்பிய அன்று
சூரை வலையைக் கிழித்துக்கொண்டு போனதும்
அந்தோனிப்பிள்ளை என்னைப் பேசியதும்."

பெட்டி பிதுங்கியது.
திருக்கோணமலை என்று வந்த இடத்தில்
மலை மட்டும் பக்கத்துப் பெட்டிக்குள் போய் நின்றது.
கீயின் சுழி மேல்வரியில் இடிக்க
மூவின் வால் அறுந்து கிடந்தது.
வரிக்கும் வரிக்கும் நடுவே
கொஞ்சம் காற்று விட்டேன்.

போனில் பார்த்தேன்.
மூன்று நிரலும் ஒன்றாகி,
மாரிக்கு மட்டிக்களி ஒழுங்கையில்
வெள்ளத்துக்கு விலகி நடக்கிறவர்கள் மாதிரி
ஒருவர் பின் ஒருவராய் வந்தன.
சரி.

ஏழாவது பெட்டி மட்டும் சப்பளிந்து கிடந்தது.
படமில்லை. உள்ளே ஒரு வரி:
"இன்று போகவில்லை."
ஏன் என்று எழுதவில்லை அவர்.
காற்று எத்திசை என்றும் இல்லை.

அஸ்மியாவின் படத்தில்
இப்படி ஒரு நாளுக்கு விதி கிடையாது.
வெறுமையென்றால் மறைத்துவிடு:
ஒரு வரி போதும், எழுதியும் விட்டேன்.
கீழே வீதியில் புள்ளிமான் ஒன்று
அட்டைமட்டையைச் சப்பியபடி நின்றது.
என் யன்னல் வெளிச்சத்துக்குத் தலை தூக்கியது,
அசையவில்லை.

எழுதியதை அழித்தேன்.
படமில்லாவிட்டாலும் அதே உயரம்,
அதே ஓரம், அதே மூலைகள்.
நடுவில் அவருடைய இரண்டு சொல்.

விடிய அஸ்மியா எடுத்தாள்:
"எல்லாம் வேலை செய்யுது.
பொத்தான் மட்டும்
ரெண்டு புள்ளி கீழ நிக்குது, பாத்தியா?"
பார்த்தேன். நிற்கிறது.
வெளியே கடல்
அவள் வைத்த நிறத்தில் இல்லை.